பெரியவர் வந்தார்

மருதங்கண்டம்,
தோப்பூர்.
20.10.1996

அன்புள்ள மச்சான் சோமசேகரத்துக்கு,

இங்கே நானும் உமது தங்கை புஷ்பவதியும் ஒரு இருமலைத் தவிர மற்றப்படி சுகம். கொழும்பில் உமது வயிற்றுப்புண் எப்படி இருக்கிறது? கடைச் சாப்பாட்டில் தூள் கூட என்று போன முறை எழுதியிருந்தீர். தூள் குறைந்த சாப்பாடு வேண்டுமென்றால் இங்கே வாரும். இங்கே எல்லாமே குறைவு.

விதைத்து முடித்துவிட்டேன். மழை சொன்ன காலத்துக்கு வந்தது. இந்தப் பக்கத்தில் சொன்ன காலத்துக்கு வருவது இப்போது அது ஒன்றுதான். யூரியா கிடையாது. அதில் குண்டு செய்யலாமாம். இவ்வளவு காலமும் அதை வயலுக்குப் போட்டு வீணாக்கியிருக்கிறேன்.

எங்கள் பாடு உமக்குத் தெரியும். நெல் வயலில், மீன் களப்பில், இறைச்சியும் தேனும் காட்டில். கடைக்குப் போவது உப்புக்கும் மண்ணெண்ணெய்க்கும்தான். இப்போது காட்டுக்குள் போகத் தடை. களப்பில் இருட்டில் வலை வீசவும் தடை. பகலில் வீசலாம். ஆனால் அந்தச் சட்டத்தை மீனுக்கு யாரும் அறிவிக்கவில்லை, அது பகலில் வருவதில்லை. மிஞ்சியிருப்பது இந்த வயல் மட்டும். மாசியில் வெள்ளாமை வீட்டுக்கு வந்தால் அடுத்த மாசி வரை இரண்டு பேருக்கும் சோறு. வராவிட்டால் உமது கடைச் சாப்பாட்டைப் பற்றி முறையிட நானும் கொழும்புக்கு வரவேண்டியிருக்கும்.

காவல்தான் பெரிய கரைச்சல். அப்பாவின் துவக்கை லைசன்சோடு வாங்கி வைத்துக்கொண்டார்கள். ரோச் லைற்றுக்குப் பற்றறி தடை. வெடி தடை. தகரம் தட்டலாமா என்று சந்தி ஆமிக் காவலரணில் போய்க் கேட்டேன். தட்டலாம், ஆனால் யாருக்காவது சைகை காட்டுவதாக நினைத்தால் சுடுவோம் என்று தன்மையாகச் சொன்னார்கள். ஆகவே வாயால்தான் காவல். நான் பரணில் ஏறி நின்று கத்துகிறேன். பக்கத்து வயல் அபூதாஹிர் நானா அவருடைய பரணில் நின்று கத்துகிறார். “தம்பி பாக்கியம், நீ கத்துறது எனக்கு நல்லா விளங்குது, விளங்கவேண்டிய ஆளுக்கு விளங்கோணுமே” என்கிறார்.

அந்த ஆள் யாரென்று உமக்குச் சொல்லத் தேவையில்லை. பெரியவர். இன்னும் காட்டுக்குள்தான் இருக்கிறார். பரணில் இருந்து எழுதுவதால் பெயரை எழுதவில்லை. போன மாரியில் வாழை முழுவதையும் சாப்பிட்டு, கிணற்றுக்கட்டில் முதுகைச் சொறிந்து, சுளகு அகலத்துக்குக் கால் அடையாளமும் வைத்துவிட்டுப் போனவர்.

போகிற கடிதத்தையும் வருகிற கடிதத்தையும் இப்போது சந்தியில் பிரித்துப் பார்க்கிறார்கள். அங்கே இருக்கிற ஐயாவுக்குத் தமிழ் தெரியாது. முத்திரையைப் பார்த்துவிட்டு ஒட்டித் தருவார். நல்ல மனிதர்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளும்.

இப்படிக்கு,
மச்சான் பாக்கியரத்தினம்


வெள்ளவத்தை,
3.11.1996

அன்புள்ள மச்சான்,

உமது இருமலும் என் வயிற்றுப்புண்ணும் இருவரையும் உயிரோடு வைத்திருக்கின்றன என்று அறிந்து திருப்தி. புஷ்பவதிக்கு என் அன்பு. சந்தியில் இதைப் பிரிக்கும் ஐயாவுக்கும் என் வணக்கம். இந்தக் கடிதத்தில் ஒட்டியிருப்பது மயில் முத்திரை. அவருக்குப் பிடிக்கும் என்று தேடி வாங்கினேன்.

நான் அரச கந்தோரில் பிரதம லிகிதர். காலையில் போய்க் கதிரையில் இருக்கிறேன், மாலையில் எழும்புகிறேன். இடையில் நடப்பதற்குத்தான் சம்பளம். மற்ற நேரத்தில் புத்தகம். அலுமாரி நிரம்பி இப்போது கட்டிலுக்குக் கீழும் வந்துவிட்டது.

வயலில் நின்று பெயரைச் சொன்னால் வந்துவிடும் என்ற இந்தப் பயம் உம்மை இன்னும் விடவில்லை என்பதைப் பார்த்தால் சிரிப்பாக இருக்கிறது. வேலைக்கு வந்த புதிதில் எங்கள் தோப்பூர்ப் பக்கத்து வழக்கம் இது என்று கந்தோரில் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. ஒரு மிருகத்துக்குப் பெயரும் வைத்து, அந்தப் பெயரைச் சொல்லாமல் இருப்பதற்கு வேறு பெயரும் வைத்து, அந்த இரண்டாம் பெயருக்கு மரியாதையும் கொடுக்கிற சனம் நாங்கள்.

நான் வெள்ளவத்தையில் இருப்பதால் தாராளமாக எழுதுகிறேன். யானை. யானை. யானை. ஒன்றும் நடக்கவில்லை. ஜன்னலால் பார்த்தேன், காலி வீதியில் பஸ் மட்டும்தான் போகிறது.

கத்துவதற்குத் தொண்டை வேண்டும். இஞ்சியும் தேனும் எடும். தேனுக்குத் தடை என்று எழுதியிருந்தீர், ஆகவே இஞ்சி.

உமது அன்பு மச்சான்,
சோமசேகரம்


மருதங்கண்டம்,
24.11.1996

மச்சான்,

சுகம் விசாரிக்க இப்போது நேரம் இல்லை. நாங்கள் இருக்கிறோம், நீரும் இருப்பீர்.

உமது கடிதத்தை நான் பரணில் இருந்து வாசித்தது என் பிழை. வாய்விட்டு வாசித்தது அதைவிடப் பெரிய பிழை. மூன்று முறை எழுதியிருந்தீர். அன்றைக்குப் பொழுதுபட மூன்று பேர் வந்தார்கள். பெரியவர், அவருடைய மனுசி, ஒரு குட்டி. மேற்கு வரம்போடு ஒரு மூலை போய்விட்டது. அவர்கள் தின்றதைவிட மிதித்தது கூட. நானாவும் நானும் கத்தினோம். பெரியவர் காதை விரித்துக் கொஞ்சம் கேட்டார், பிறகு தன் அலுவலைப் பார்த்தார். கந்தோருக்குப் போனால் உம்மைப் போன்றவர்கள் எங்களைப் பார்ப்பதும் அப்படித்தான்.

புஷ்பவதி உம்மேல் கோபம். “அண்ணனுக்கு விளையாட்டு எண்டால் அவர் கொழும்பிலை விளையாடட்டும், இஞ்சை வந்து என்ரை சோத்திலை விளையாட வேண்டாம்” என்று சொல்லச் சொன்னாள். சொல்லிவிட்டேன்.

ஆகவே ஒரு மன்றாட்டம். இனி அந்தப் பெயரை எழுதவேண்டாம். வீட்டில் வைத்து வாசித்தாலும் வேண்டாம். நீர் படித்தவர், நம்பமாட்டீர். நம்பத் தேவையில்லை, எழுதாமல் இருந்தால் போதும். பெரியவர் என்றே எழுதும். மரியாதையாக எழுதும். மரியாதை குறைந்தாலும் அவருக்கு எப்படியோ தெரியவரும்.

களப்பில் நேற்றுப் பகல் முழுவதும் வலை வீசி இரண்டு கெளிறு கிடைத்தது. ஒன்றைச் சந்தியில் வாங்கிக்கொண்டார்கள். அங்கே பழைய ஐயா மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்திருக்கிறவர் தமிழ்ச் சோதனையில் பாஸ் பண்ணினவராம். புத்தகத்தில் இருப்பதுபோல் கதைக்கிறார். “தாங்கள் எங்கு செல்கின்றீர்கள்?” என்று கேட்டார். எனக்குச் சபையில் நிற்பதுபோல் இருந்தது. உமது கடிதங்களை இனி ஒருவராவது ஒழுங்காக வாசிப்பார்.

மிச்ச வெள்ளாமை நன்றாக நிற்கிறது. தைக்குள் கதிர் தள்ளிவிடும். அந்த மணம் காட்டுக்குப் போகிற நாளில் இருந்து நான் பரணை விட்டு இறங்க ஏலாது.

இப்படிக்கு,
பாக்கியரத்தினம்


வெள்ளவத்தை,
10.12.1996

அன்புள்ள மச்சான்,

நீங்கள் இருவரும் சேதமில்லாமல் இருப்பது சந்தோசம். என் வயிறு பழையபடி. தங்கையின் கோபம் கிடைக்கப்பெற்றேன். தலை வணங்கி ஏற்றுக்கொள்கிறேன்.

உமது கட்டளைப்படி இனி மரியாதையாகவே எழுதுவேன்.

பெரியவரும் அவருடைய ஆட்களும் இப்போது எந்தப் பக்கத்தில் தங்கியிருக்கிறார்கள்? அவரை எதிர்த்து நிற்பதில் பயன் இல்லை என்பது என் அபிப்பிராயம். காட்டுக்கு அவர்தான் அரசன். அரசாங்கம் வரும் போகும், அவர் போகமாட்டார். கேட்டதைக் கொடுத்துவிடுங்கள். வருடத்துக்கு ஒரு மூலை நெல்லை அவருக்கென்று ஒதுக்கிவிட்டால் மிச்சத்தை விட்டுவைப்பார். அபூதாஹிர் நானாவிடமும் சொல்லும், அவரும் ஒத்துழைத்தால் நல்லது. பெரியவர் தமிழர், முஸ்லிம் என்று பேதம் பார்ப்பவர் அல்ல. இந்த மாவட்டத்தில் அப்படி மிஞ்சியிருப்பவர் அவர் ஒருவர்தான்.

நான் அவரை நேரில் பார்த்துப் பல வருடமாகிறது. ஆனால் பெப்ரவரிப் பூரணைக்கு அவருடைய சொந்தக்காரர்கள் கொழும்பில் வீதிவலம் வருவார்கள். பட்டு உடுத்து, உடம்பெல்லாம் விளக்குப் பூட்டி, சனத்துக்கு நடுவால் போவார்கள். மந்திரிமார் எல்லோரும் வந்து நிற்பார்கள். அன்றைக்கு நானும் வீதியோரத்தில் நின்று, ஊரில் நீங்கள் படும் பாட்டை ஒருமுறை அவர்களுக்கு நினைவூட்டுவேன்.

சந்தியில் புதிதாக வந்திருக்கும் தமிழறிந்த ஐயாவுக்கு என் வாழ்த்து. பிழை இருந்தால் திருத்தி அனுப்பச் சொல்லும்.

புஷ்பவதிக்கு அன்பு.

உமது மச்சான்,
சோமசேகரம்


வெள்ளவத்தை,
8.1.1997

அன்புள்ள மச்சான்,

சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நத்தாரும் போய், வருடமும் பிறந்து, உமது பதில்தான் இன்னும் வரவில்லை. பெரியவர் வெள்ளாமையை முடித்துவிட்டுத் தபாலையும் தின்னத் தொடங்கிவிட்டாரா?

கதிர் தள்ளிவிட்டதா? பொங்கலுக்குப் புது நெல்லில் புதிர் எடுக்க முடியாவிட்டாலும் பழைய அரிசியில் பொங்குங்கள். கோபம் என்றால் கோபம் என்று ஒரு வரி எழுதும்.

சோமசேகரம்


மருதங்கண்டம்,
19.1.1997

அன்பின் அண்ணா அறிவது,

நான் சுகம். உங்களுக்கு வயிறு சுகம் என்று நம்புகிறேன்.

உங்களுடைய இரண்டு கடிதமும் சந்தியோடு நின்றுவிட்டதாம், எங்கள் கைக்கு வரவில்லை. ஆனால் மார்கழியில் எழுதியதில் என்ன இருந்தது என்று சந்தியில் நிற்கிற எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அதனால் எனக்கும் தெரியும்.

கிறிஸ்மஸ் முடிந்த கையோடு இவரைச் சந்திக்கு வரச்சொன்னார்கள். சேர்ட்டைப் போட்டுக்கொண்டு போனார். “அண்ணன்ரை கடிதம் வந்திருக்காம், போய் எடுத்துக்கொண்டு வாறன், உலையை வை” என்றார். வைத்தேன்.

வராததால் அடுத்த நாள் அபூதாஹிர் நானாவோடு போனேன். தமிழ் படித்த ஐயா கதிரை தந்து இருக்கச் சொன்னார். மரியாதையாகத்தான் கதைத்தார். பெரியவர் யார், எங்கே தங்கியிருக்கிறார், எத்தனை பேர், நெல் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டார். அது யானை ஐயா என்றேன். வயலில் நின்று பெயர் சொல்வதில்லை, அதனால் அப்படிச் சொல்கிறது என்றேன். அவர் தன்னுடைய தமிழ்ப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். அதில் யானைப் படம் போட்டு, கீழே ‘யானை வந்தது’ என்று இருக்கிறது. “எனது நூலில் யானை வந்தது. உமது கணவர் போட்ட கடிதங்களிலும் உமது தமையனாரின் கடிதத்திலும் வந்தார், போவார், தங்கியிருக்கிறார் என்று உள்ளது. ஆகவே இது யானை அன்று” என்றார். இவருடைய பழைய கடிதங்களையும் அவர்கள் படியெடுத்து வைத்திருந்திருக்கிறார்கள்.

நானா பொறுக்காமல், “ஐயா, நாங்களும் பெரியவர் எண்டுதான் சொல்லுற. மவுத்தாப்போன என்ட வாப்பாவும் அப்படித்தான் சொன்ன” என்றார். ஐயா அதை எழுதிக்கொண்டார். இரண்டு சனமும் ஒரே ஆளோடு தொடர்பு வைத்திருக்கிறீர்கள், அதுவும் தகப்பன் காலத்தில் இருந்து என்றார். நானாவை மாலை வரை வைத்திருந்து விட்டார்கள்.

பிறகு என்னிடம் புருசனுடைய பெயரைக் கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. உங்களுக்குத் தெரியும்தானே, நான் ஒருநாளும் சொன்னதில்லை. “யானையின் பெயரையும் சொல்லமாட்டீர்கள், கணவரின் பெயரையும் சொல்லமாட்டீர்கள். இவ்வூரில் எதன் பெயரைத்தான் சொல்வீர்கள்?” என்று கேட்டார். நானாதான் பெயரைச் சொன்னார். ‘மனைவி பெயரை மறைக்கிறாள்’ என்று ஐயா எழுதினார். எனக்கு அந்தளவு வாசிக்கத் தெரியும்.

வெள்ளாமை கதிர் தள்ளிப் பூட்டை பிடித்துவிட்டது. பொங்கலுக்குப் பொங்கவில்லை. இப்போது நான்தான் பரணில் இருக்கிறேன்.

அந்தச் சொல்லை இனி எழுதவேண்டாம் அண்ணா. இரண்டு சொல்லையும்.

இப்படிக்கு,
புஷ்பவதி


வெள்ளவத்தை,
27.1.1997

அன்புத் தங்கச்சி,

நீ சுகமாக இருக்கிறாய் என்று எழுதியிருந்தாய். அதை நம்பி மற்றதை எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே கொட்டாஞ்சேனையில் ஒரு பண்டிதரைப் போய்ப் பார்த்தேன். வயது போனவர், தொய்வுக்காரர். மிருகத்தை ‘வந்தார்’ என்று சொல்லலாமா என்று கேட்டேன். மூச்சு எடுக்க முடியாமல் இருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். உயர்வு கருதிச் சொன்னால் அஃறிணையை உயர்திணையாகச் சொல்லலாம், அதற்குத் திணை வழுவமைதி என்று பெயர், பிழைபோல் இருக்கும் ஆனால் பிழை அன்று என்றார். “இந்தச் சந்தேகம் ஆருக்குத் தம்பி?” என்று கேட்டார். ஆமிக்கு என்றேன். “என்ரை ஆயுசிலை ஒரு மாணாக்கனும் இதை விரும்பிக் கேட்டதில்லை” என்று கண் கலங்கினார்.

அவர் எழுதித் தந்த அத்தாட்சியை இத்துடன் வைத்திருக்கிறேன். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நானே மொழிபெயர்த்து, சமாதான நீதவானின் முத்திரையும் குத்தியிருக்கிறேன். மருதங்கண்டத்தில் பெரியவர் எனப்படுவது நான்கு கால், இரண்டு கொம்பு, ஒரு தும்பிக்கை உள்ள விலங்கு என்று நானும் சத்தியக்கடதாசி முடித்திருக்கிறேன். பூரணைக்குக் கொழும்பில் விகாரைப் பெரஹராவில் வீதிவலம் வருவதும் அதன் இனமே என்று வேறாக ஒரு பந்தி. இதைச் சந்தியில் கொடு. நானாவோடு போ, தனியே போகாதே.

போன கிழமை என் அறைக்கும் இரண்டு பேர் வந்தார்கள். அலுமாரியைப் பார்த்தார்கள். பூரணைக்கு எங்கே நிற்பதாக உத்தேசம் என்று கேட்டார்கள். அறையிலேயே நிற்பேன் என்றேன். நல்லது என்றார்கள். மீண்டும் வருவதாகச் சொல்லிப் போனார்கள்.

மச்சான் வந்ததும் ஒரு தந்தி அடி. ‘வந்தார்’ என்ற ஒரு சொல் போதும்.

அண்ணன்


மருதங்கண்டம்,
15.2.1997

அன்பின் அண்ணா அறிவது,

நான் இருக்கிறேன். உங்கள் கடிதம் சந்தியில் பிரித்தபடியே கையில் கிடைத்தது. நீங்கள் தந்தி கேட்டிருந்தீர்கள். தந்தி அடிக்க ஒன்றும் இல்லாததால் கடிதம் எழுதுகிறேன்.

அத்தாட்சியைக் கொடுத்தேன். தமிழ் ஐயா இரண்டு தரம் வாசித்தார். வழுவமைதி என்ற சொல்லைத் தன்னுடைய புத்தகத்தில், யானைப் படத்துக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டார். “ஓம், பெரியவர் யானைதான். பிழை என்னுடையதன்று, நூலினுடையது” என்றார். அந்தப் பண்டிதருக்குத் தன்னுடைய வணக்கத்தைச் சொல்லச் சொன்னார். அப்போது இவரை விடுங்கள் என்றேன். அவர் புத்தகத்தை மூடினார். இவரைக் கூப்பிட்ட கிழமையே லொறியில் ஏற்றிப் பெரிய முகாமுக்கு அனுப்பியாகிவிட்டதாம். கடிதங்களும் கூடவே போய்விட்டதாம். இலக்கணம் பிந்தி வந்துவிட்டது என்றார். உண்மையாகவே கவலைப்பட்டார் போலத்தான் இருந்தது.

நானாவும் நானும் மூதூரில் லோஞ்ச் படகு ஏறித் திருகோணமலைக்குப் போனோம். பெரிய முகாம் வாசலில் வெயிலில் நின்றோம். என்னைப் போல இன்னும் பெண்கள் நின்றார்கள். அப்படி ஒருவரை இங்கே கொண்டுவரவில்லை என்றார்கள். லொறி வந்ததா என்று நானா கேட்டார். லொறி வந்தது என்றார்கள். திரும்பி வரும்போது லோஞ்சில் ஒரு மனுசி என்னிடம் உங்களுக்கு எத்தனையாவது முறை என்று கேட்டாள். முதல்முறை என்றேன். அவள் வெற்றிலைப் பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

வயல் பழுக்கத் தொடங்கிவிட்டது. நானாவின் மனைவி நஜ்முன் நிஸா சாப்பாடு கொடுத்து விடுகிறா. நான் பரணில் நிற்கிறேன். எனக்குக் கத்த வருகுதில்லை அண்ணா. அவர் என்ன சொல்லிக் கத்துவார் என்று நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன். வீட்டில் இருந்து கேட்கும்போது வெறும் சத்தமாகத்தான் கேட்டது. கிழக்குப் பக்கம் கொஞ்சம் போய்விட்டது.

இப்படிக்கு,
புஷ்பவதி


வெள்ளவத்தை,
4.3.1997

தங்கச்சி,

கையெழுத்து மாறியிருப்பதைப் பார்த்துப் பயப்படாதே. வலது கை கதவில் அகப்பட்டுவிட்டது. இடது கையால் எழுதுகிறேன். பூரணை நல்லபடி முடிந்தது. நான் போய்ப் பார்க்கவில்லை. சில நாள் அறையிலும் இருக்கவில்லை. இப்போது இருக்கிறேன்.

எழுதக்கூடிய எல்லா இடத்துக்கும் எழுதிவிட்டேன். ஒரு இடத்தில் இருந்து பதில் வந்தது. நான் இவ்வளவு காலமும் கந்தோரில் இருந்து சனத்துக்கு எழுதிய கடிதங்களைப் போலவே அச்சாக இருக்கிறது. ‘மேற்படி யானை தொடர்பான விசாரணை முடிவுற்றது. மேற்படி நபர் தொடர்பான ஆவணக் கோவை எதுவும் எம்மிடம் இல்லை.’

யானைக்குக் கோவை இருக்கிறது.

நீ அங்கே தனியே நிற்கவேண்டாம். வயலை நானாவிடம் விட்டுவிட்டு இங்கே வா. புத்தகங்களை எல்லாம் விற்றுவிட்டேன். கட்டிலுக்குக் கீழேயும் இடம் இருக்கிறது, அலுமாரியிலும் இடம் இருக்கிறது.

இந்தக் கடிதத்தைப் பல முறை எழுதிக் கிழித்தேன்.

அண்ணன்


மருதங்கண்டம்,
23.3.1997

அன்பின் அண்ணா அறிவது,

உங்கள் கைக்கு நல்லெண்ணெயைச் சூடாக்கிப் பூசுங்கள். கதவைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. நீங்களும் எழுதவேண்டாம்.

வெள்ளாமை வெட்டியாயிற்று. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

போன கடிதம் போட்டு இரண்டு நாளில் பொழுதுபடும் நேரம் யானை வந்தது. நான் யானை என்றே எழுதுகிறேன், இனி என்ன. கொம்பனும் பெட்டையும் குட்டியும். மேற்கு வரம்பில் ஏறி நின்றன. கதிர் முற்றி நிற்கிறது, ஒரு இரவு போதும். நான் கத்தப் பார்த்தேன். நானா தூரத்தில் இருந்து, “தங்கச்சி, ஏதாச்சும் சொல்லு, என்னத்தையாச்சும் சொல்லு” என்று கத்துகிறார். எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. பிறகு என்னையறியாமல் அவருடைய பெயர்தான் வந்தது.

கலியாணம் முடித்த நாளில் இருந்து நான் சொல்லாத பெயர். சந்தியில் கேட்டபோது சொல்லியிருக்கலாம். அன்றைக்கு வரவில்லை. பரணில் நின்று அடிவயிற்றில் இருந்து கூப்பிட்டேன். கொம்பன் காதை விரித்துக் கேட்டது. திரும்பவும் கூப்பிட்டேன். அது மெல்லத் திரும்பி, குட்டியை முன்னால் விட்டுக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டது. நானா தன்னுடைய பரணை விட்டு இறங்கினார். பிறகு வந்து, “பாக்கியம் இதைக் கேட்டிருந்தா வெக்கப்பட்டிருப்பான்” என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அதைத்தான் கூப்பிட்டேன். வெட்டும் வரைக்கும் ஒரு கதிரும் போகவில்லை. சூடு மிதித்து நெல்லை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறோம். அவர் விதைக்கும்போது சொன்னதுபோலவே அடுத்த மாசி வரைக்கும் காணும், இரண்டு பேருக்கு. புதிர் அரிசியில் ஒரு பானை வைத்தேன். கூட வைத்துவிட்டேன். கை பழகிவிட்டது.

வயலில் நின்று பெயரைச் சொன்னால் வரும் என்றுதானே நாங்கள் இவ்வளவு காலமும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தோம். அது பிழையான கதை அண்ணா. அல்லது அது யானைக்கு மட்டும்தானோ தெரியாது.

நீங்கள் கூப்பிட்டதற்கு நான் வர ஏலாது. பரணைப் பிரிக்கவேண்டாம் என்று நானாவிடம் சொல்லியிருக்கிறேன். வயலில் இப்போது தாள் மட்டும்தான் நிற்கிறது, காவலுக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் பொழுதுபட்டதும் போய் ஏறி நின்று, காட்டுப் பக்கமும் ஒருமுறை, சந்திப் பக்கமும் ஒருமுறை கூப்பிட்டுவிட்டு வருகிறேன்.

பிறகு கரைச்சல் வரக்கூடாது என்று சந்தியில் போய்க் கேட்டேன். தமிழ் ஐயாவும் மாற்றலாகிப் போய்விட்டார். இப்போது இருப்பவருக்குத் தமிழ் தெரியாது, நானாதான் சிங்களத்தில் சொன்னார். தகரம்தான் தட்டக்கூடாதாம். பெயர் கூப்பிடுவதற்குத் தடை ஒன்றும் இல்லையாம்.

இப்படிக்கு,
பாக்கியரத்தினம் புஷ்பவதி